மிச்சம் வைக்காத ஊசி

என் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையை ஊசியக்காவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நடுவில் சுவர் கிடையாது, ஒரு திரைத்துணிதான். அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும், இடுக்கு வழியாகக் கொஞ்சம் தெரியவும் செய்யும். ஒட்டுக் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா கடைக்கு வர முடியும்?

ஊசியக்கா என்ற பெயரைக் கேட்டுத் தடுப்பூசி போட வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வாரம்கூட ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். அவள் வேலை வேறு. முகத்திலும் உடம்பிலும் இருக்கும் வேண்டாத முடியை மறுபடி முளைக்காமல் செய்வது. தலைமயிர் போல மெல்லிய ஊசியை முடி முளைக்கும் துளைக்குள் இறக்கி, மின்சாரம் விட்டு வேரைக் கொல்லுவாள். பிறகு இடுக்கியால் தொட்டால் முடி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இழுத்தால்தான் வருகிறது என்றால் வேர் சாகவில்லை என்று அர்த்தம்.

புதிதாக வருகிறவர்களிடம் அவள் பாடும் பாட்டு எனக்கு மனப்பாடம்.

"மூணு விதம் இருக்கு. ஒண்ணு மெதுவானது. தோலுக்குள்ள இருக்கிற உப்புத் தண்ணியைக் கரண்ட் காஸ்டிக் சோடா மாதிரி காரமா மாத்தி, வேரைக் கரைச்சிடும். ஒரு முடிக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகும். அது வரைக்கும் இந்தக் கம்பியைக் கையில பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டாவது வேகமானது. சூட்டுலயே வேர் வெந்துடும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும், கம்பியும் வேண்டாம். ஆனா வேர் நேரா இருக்கணும், வளைஞ்சிருந்தா தப்பிச்சிடும். மூணாவது ரெண்டையும் கலந்தது. வளைஞ்ச வேரையும் விடாது, சீக்கிரமாவும் ஆகும்."

பூனை முடிக்கு வேகமானது, தடித்த முடிக்குக் கலந்தது. அவ்வளவுதான் அவள் கணக்கு. மெதுவானதை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. "அதுக்கு உக்காந்தா என் கழுத்து போயிடும்" என்பாள்.

அவள் மகள் வந்த நாளில்தான் அது மாறியது.

இதைச் சொல்ல முன்கதை கொஞ்சம் வேண்டும். இந்தத் தொழில் படிக்க ஊசியக்கா ஒரு வருஷம் வெளியூர் போனாள். திரும்பி வந்தபோது புருஷன் கதவைத் திறக்கவில்லை. படிக்கப் போனவளை ஓடிப்போனவள் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தான். பத்து வயசுப் பிள்ளை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அதற்குப் பிறகு எத்தனை முறை போனாலும் அந்த ஜன்னல் சாத்தியே இருந்தது. அந்த மனுஷனை நான் பார்த்ததில்லை, பார்த்தால் என் கத்தரிக்கோலுக்கு நான் பொறுப்பில்லை.

மகள் முகத்தில் மாஸ்க்கோடு வந்து நின்றாள். கண்ணைப் பார்த்ததுமே ஊசியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குமே தெரிந்தது, அதே கண்.

"வேற ரெண்டு இடத்துல பண்ணிப் பார்த்தேன். திரும்ப முளைச்சிடுச்சு. நீங்க நல்லா பண்ணுவீங்கன்னு சொன்னாங்க" என்றாள். பெத்தவளிடம் 'நீங்க', அதுவும் வங்கியில் பேசுவது போல.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. கண்ணாடியை மாட்டிச் சரி செய்யும்போது வருகிறவர் முகமும் அவள் முகமும் ஒரு ஜாண் தூரத்தில் இருக்கும். அதனால் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லையாம். தாடை முழுக்கத் தடித்த முடி. ஊசியக்கா விளக்கை இழுத்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்ப இருந்து பிடுங்கறே?"

"பதிமூணு வயசுல இருந்து."

"பிடுங்கப் பிடுங்க வேர் வளைஞ்சிடும். யாருமே உனக்குச் சொல்லலையா?"

"யார் சொல்லியிருக்கணும்?"

ஊசியக்கா விளக்கை இன்னும் கிட்ட இழுத்தாள். நான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு அவள் மெதுவானதைத்தான் போட்டாள். மகள் கையில் கம்பியைக் கொடுத்து, ஒவ்வொரு முடியாக. மகள் போனதும் நான் ஊசியக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"உன் கழுத்து போயிடுமே, இப்ப எங்க போச்சு?"

"வளைஞ்ச வேருக்கு அது நல்லதுதான்."

"கலந்ததும் நல்லதுதானே? நீதானே பாட்டா பாடுவே?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "ஒரு முடிக்கு ரெண்டு நிமிஷம் அவ முகம் என் பக்கத்துல இருக்கு. நீ வாயை மூடு."

மூடிக்கொண்டேன். எனக்கும் பிள்ளை இருக்கிறது.

மகள் மாதக்கணக்கில் வந்தாள். பேச்சு அதிகமில்லை. "வலிக்குதா?", "இல்ல." "சாப்பிட்டியா?", "ம்." சில நாள் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவாள். அப்போது கரண்ட் விடும் மிஷின் நின்ற பிறகும் ஊசியக்கா எழுந்திருக்க மாட்டாள்.

ஒரு நாள் மகளே கேட்டாள். "கலந்ததுல பண்ணினா சீக்கிரம் முடியுமாமே? கடையில ஒருத்தங்க சொன்னாங்க."

"முடியும்."

"அப்புறம் ஏன் இதையே பண்றீங்க?"

"சீக்கிரம் முடிஞ்சா நீ போயிடுவே."

இப்படிப் போட்டு உடைப்பாள் என்று நானே எதிர்பார்க்கவில்லை. மகள் கம்பியைக் கீழே வைத்தாள். பிறகு, "கலந்ததையே பண்ணுங்க. எனக்கு மாஸ்க் இல்லாம வேலைக்குப் போகணும்" என்றாள். அது நியாயம்தான். ஊசியக்கா மிஷினில் பொத்தானை மாற்றினாள்.

வேலை மளமளவென்று நடந்தது. விட்டு விட்டு முளைத்தவையும் குறைந்தன. கடைசித் தடவைக்கு முந்தின நாள் நான் ஒரு யோசனை சொன்னேன். "ஒரே ஒரு வேரை அரைகுறையா விட்டுடு. அது முளைச்சா திரும்ப வருவா."

என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். "ரெண்டு இடத்துல ஏமாந்துட்டு வந்தவ. மூணாவதா நானுமா?"

மறுநாள் கடைசி முடியும் வழுக்கிக்கொண்டு வந்தது. மகள் கண்ணாடியில் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாஸ்க்கைப் பைக்குள் போட்டாள். "தேங்க்ஸ்" என்றாள். வாசலில் எல்லாரும் சொல்லும் 'போயிட்டு வரேன்'கூட அவள் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஊசியக்காவைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் திரை விலகும், பொத்தான் தைக்க வந்தவரைப் பார்த்துவிட்டு மூடும். ஒரு மழை நாளில் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள், "இத்தனை வருஷத்துல யாருக்கும் நான் இப்படி நினைச்சதில்ல. அவளுக்கு ஒண்ணாவது திரும்ப முளைச்சிருக்கக் கூடாதா?"

முளைத்தால்தானே? கை அப்படிப்பட்ட கை.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் மகள் வந்தாள். மாஸ்க் இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகத் திரைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்தாள். ஊசியக்கா பதறிப் போய் விளக்கை இழுத்தாள். தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினாள்.

"ஒண்ணும் இல்லையே" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "எல்லாம் போயிடுச்சே. ஒண்ணுகூட இல்லையே."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு...?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே பாரும்மா."

நான் மிஷினை மிதிக்க ஆரம்பித்தேன். தைக்கத் துணி எதுவும் இல்லை. அந்தப் பக்கம் பேசுவது என் காதில் விழாமல் இருக்க, சாயங்காலம் வரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.