கால் எட்டாத கார்

முன்சக்கரத்தின் அருகே ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. கோயில் வாசலில் விடுவதைப் போல இரண்டும் நேராக, ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் காருக்குள் ஆள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அது நடந்து ஐந்து வருடமாகிறது. பிறகு அந்தக் காரை வாங்கியவர் இப்போது நாட்டைவிட்டுக் கிளம்புகிறாராம். அதே கார் போன வாரம் எங்கள் ஷோரூமுக்கே திரும்ப விற்பனைக்கு வந்து, அதே இடத்தில் நிற்கிறது. விளம்பரம் எழுதச் சொல்லி முதலாளி மெயில் அனுப்பிவிட்டார். எனக்குக் கை ஓடவில்லை.

துபாயில் பழைய கார்களும் அரிய கார்களும் விற்கிற இடம் எங்களுடையது. அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி அளந்துவிடுவது என் வேலை. இந்தக் கார் கொஞ்சம் சிக்கல். அறுபதுகளில் அமெரிக்கப் பந்தயங்களில் ஓடிய கார் அது. அந்தக் காலத்தில் செய்தவை கொஞ்சம்தான். பல வருடம் கழித்து, உரிமை வைத்திருந்தவர்களின் அனுமதியோடு, அதே அளவில், அதே அலுமினிய உடம்போடு புதிதாகச் செய்திருக்கிறார்கள். பழைய வரிசை எண் எங்கே நின்றதோ, அதற்கு அடுத்த எண்களை இவற்றில் பொறித்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அசலா, நகலா? இரண்டும் இல்லை, தொடர்ச்சி என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அண்ணாச்சிக்கு மட்டும் அது ஒரே தடவையில் புரிந்தது. கார்களுக்குப் பாலிஷ் போடுகிறவர், சாத்தூர்ப் பக்கம். குள்ளமான மனிதர். கஸ்டமர் முன்னால் என்னை 'மேடம்' என்பார், டீ குடிக்கும்போது 'தங்கச்சி' என்பார். "எங்கம்மாவுக்கு மூத்த பய மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அடுத்து நான் பொறந்தேன், அவன் பேரையே எனக்கு வச்சிட்டாக. வருசா வருசம் என் பேருக்குப் படையல் போட்டு, அதை எனக்கே சாப்பிடக் குடுப்பாக. நான் என்ன நகலா தங்கச்சி?" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் காரை அவர் வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்கு எல்லோரும் போய் ஷோரூம் காலியாகக் கிடந்தபோதுதான் அந்த ஷூக்களைப் பார்த்தேன். அண்ணாச்சி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எதிரே பாலிஷ் டப்பாவில் சாய்த்து வைத்த போன் போட்டோ எடுக்க, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே கிடையாது. விற்கிற காரில் வேலையாள் உட்கார்ந்தால் கலாஸ், கதை முடிந்தது, அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் என்பது முதலாளியின் சட்டம். அவர் வேலை போய்விடும் என்றுதான் பயந்தேன் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். அன்று பொறுப்பில் இருந்தது நான். என் வேலையை நினைத்துத்தான் பயந்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். போட்டோவை அழிக்கச் சொன்னேன். அழித்தார். அழித்ததெல்லாம் போனில் இன்னொரு இடத்தில் போய்க் கிடக்குமே, அங்கிருந்தும் அழிக்க வைத்து, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "கால்கூட எட்டலை தங்கச்சி, அதுக்கு இம்புட்டுத் திட்டா" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ எடுத்து வந்தார்.

கார் விற்றுப்போன மூன்றாம் மாதம், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஒரு நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். தமிழ் தெரிந்தவள் என்று, வீட்டுக்குச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மறுநாள் அவர் மனைவியே என்னைக் கூப்பிட்டார். "மேடம், அவுக ஒரு காருல உக்காந்து போட்டோ எடுத்தாகளாமே. மேடம் பத்திரமா வச்சிருக்காக, பெறகு அனுப்புவாகன்னு சொன்னாக. அதை அனுப்புவீகளா? வேற நல்ல போட்டோ இல்ல." வீட்டில்கூட என்னை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறார் மனிதர். தேடிப் பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அந்த நம்பரிலிருந்து வந்த அழைப்பை நான் எடுக்கவே இல்லை. லேபர் கார்டில் இருந்த முறைத்த முகத்தைப் பெரிதாக்கித்தான் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். உடலோடு ஊருக்குப் போய்வந்த எங்கள் டிரைவர் அதைப் போனில் காட்டினார். அது அவர் முகமே இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஜும்மாவுக்குப் போனபின் அந்தக் காரின் சீட்டைப் படம் எடுத்தேன். பிறகு செருப்பை முன்சக்கரத்தின் அருகே கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, அந்த நம்பருக்குப் படத்தோடு குரலையும் பதிந்து அனுப்பினேன். "மதினி, நான்தான், துபாய் மேடம். அந்தப் போட்டோ என்கிட்ட இல்ல. நான்தான் திட்டி அழிக்க வச்சேன். இது அண்ணாச்சி உக்காந்த சீட்டு." மதினி என்று அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்வது என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"அவுகளுக்குக் கால் எட்டுச்சா?"

என் காலை நீட்டிப் பார்த்தேன். பெருவிரலுக்கும் பெடலுக்கும் நடுவே அரைச் சாண் இருந்தது. "எட்டலைன்னு சொன்னாக மதினி" என்று அனுப்பினேன். கூரையில் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும். கீழே என் செருப்புகள் ஒட்டிக் கிடந்தன. இறங்கி அவற்றை மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.