இரண்டு காலிலும் ஒரே தழும்பு

கணினிக்குள் நடமாடும் மனித உருவங்களுக்குத் தோல் செய்து விற்பது என் தொழில். கல்முனையில் இதை விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். தோல் என்றதும் மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா என்று கேட்கிறார்கள்.

ஐந்து வருடம் கட்டாரில் இருந்தேன். மகள் பிறந்த முகத்தைப் போனில்தான் பார்த்தேன். இனி ஊரோடு இருப்போம் என்று வந்து இந்த வேலையைத் தொடங்கினேன். வெளிநாட்டு இணையக் கடையொன்று என் முதல் தொகுதியை ஏற்றுக்கொண்டால் இங்கே இருப்பது, இல்லாவிட்டால் பழைய முதலாளி தருவதாகச் சொன்ன விசாவில் மறுபடி போவது. மனைவியும் நானும் அப்படித்தான் பேசி முடித்திருந்தோம். கடைக்காரர்கள் ஒரு தொகுதியை மூன்று தடவைதான் பார்ப்பார்கள்.

படமெடுக்க உடம்பு தந்தவர் மனைவியின் அண்ணன், அவள் வாயில் காக்கா. ஒலுவிலிலிருந்து கடலுக்குப் போகிறவர். சாரனை முழங்காலுக்கு மேலே ஓர் அங்குலமும் தூக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கமராவைக் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால், "என்ன மச்சான், பேன் பாக்கிறியா?" என்பார்.

முதல் தடவை நடுப்பகலில் எடுத்துத் தொலைத்தேன். மூக்கின் நிழல் தோலோடு ஒட்டிக்கொண்டது. வாங்குகிறவர் எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் அந்த நிழல் அசையாது. திருப்பிவிட்டார்கள். மழை மூட்டமான ஒரு காலையில் மறுபடி எடுத்தேன். உருவத்தின்மேல் போர்த்துகிற படங்களைத் தாள் என்போம்: நிறத்துக்கு ஒரு தாள், துவாரங்களுக்கும் சுருக்கங்களுக்கும் ஒரு தாள், எண்ணெய் மினுக்கத்துக்கு ஒரு தாள். மூன்றும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். கழுத்தில் முகமும் உடம்பும் சேருமிடத்தில் கோடு தெரியக்கூடாது. அதையெல்லாம் ஒழுங்காகவே செய்தேன். காலுக்கு வந்தபோதுதான் சோம்பல் பிடித்தது. இடது காலை மட்டும் எடுத்து, அதையே திருப்பிப் போட்டு வலது காலாக்கிவிட்டேன்.

'பாதங்கள் இயல்பாக இல்லை' என்ற ஒற்றை வரியோடு இரண்டாவது தடவையும் திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரண்டு நாள் அந்தப் பாதங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிற பாதங்கள்தான் அவை.

அன்று பள்ளிவாசலில் அஸர் தொழுகையில் என் பார்வை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. முன்வரிசையில் எல்லோரும் இடது காலைப் படுக்கவைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வலது பாதங்கள் விரல் ஊன்றி நிமிர்ந்து நின்றன. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் அவசரமாக என் கால்களைப் பார்த்தேன். இடது கணுக்காலின் வெளிப்பக்கம் தொழுகைத் தரையில் உரசி உரசிக் கறுத்துத் தடித்திருந்தது. வலது கணுக்கால் மொழுமொழுவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து எல்லோர் காலிலும் பார்க்கிற தழும்பு என்பதால் அதை நான் தழும்பாகவே எண்ணியதில்லை. என் மச்சானுக்கு அதை இரண்டு காலிலும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன்! கடைக்காரருக்குக் காரணம் தெரிந்திருக்காது, கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல தோல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. தொழுகையில் கவனம் போனதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"வலக் காலையும் ஒருக்கா தாங்க மச்சான்."

"தங்கச்சிட மாப்பிள ஊரோட இரிக்கிறதெண்டா ரெண்டு காலையும் வெட்டியே தருவன்," என்று வந்து சேர்ந்தார்.

தழும்பை இடது காலில் மட்டும் வைத்தேன். வேண்டாதவர்களுக்காகத் தழும்பில்லாத தாள் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்திட்டாங்க," என்றேன்.

"அப்ப நீங்க போகல்லயா?"

"இல்ல. போகல்ல."

கையைக் கழுவிவிட்டு அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பெரிய பை இருந்தது. அதற்குள் என் சட்டைகள் எல்லாம் அயர்ன் பண்ணி மடித்து அடுக்கியிருந்தன. எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

"நம்பிக்கை இல்லாம இல்ல," என்றாள். "கடைசி நாள்ல அழுதழுது மடிக்க ஏலாதெண்டுதான்."

பையை வாங்கி, சட்டைகளை நானே அலுமாரிக்குள் அடுக்கினேன். அப்பாடா என்று இருந்தது.