காவலுக்கு இருந்த சிங்கம்

பாய்மரப் படகில் எல்லாரும் அவரைச் சிங்கம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் சமையல்காரர். நீச்சல் தெரியாது. கடலைக் குனிந்து பார்த்தாலே கை கால் உதறும். பட்டப்பெயர் வைத்தவனுக்குக் குசும்பு ஜாஸ்தி.

கரையில் அவர் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையை இழுத்து மூடியபோது, பெண்டாட்டியின் தம்பி வந்தான். “எங்க படகுல சமைக்க ஆளில்ல மச்சான், சும்மா வாங்க” என்றான். சும்மா வந்தவர் மூன்று வருஷமாகச் சும்மா நடுங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத்து மரக் கூண்டுதான் சமையலறை. பாத்திரம் கவிழாமலிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி. தான் கவிழாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கயிறு. மைத்துனனுக்கு வயிறு சரியில்லாவிட்டால் மட்டும் காரமில்லாமல் தனியாக ஒரு கிண்ணம் செய்து, அவன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்துவிடுவார்.

அன்று நடுக்கடலில் காற்று செத்துவிட்டது. பாய், நனைந்த போர்வை மாதிரித் தொங்கியது. பலகையில் கால் வைத்தால் பொரிந்தது. குளிக்கலாம் என்றார் படகின் தலைவர் தண்டல். பாயை இறக்கிவிட்டு, ஒருத்தனை மேலே நிறுத்திவிட்டுத்தான் குதிக்க வேண்டும் என்பது முறை. ஆனால் அந்தப் பாயை மறுபடி ஏற்றுவதற்குள் ஆறு பேருக்கும் நாக்குத் தள்ளிவிடும்.

“பாய இறக்கணுமாண்ணே?” என்றான் ஒருவன்.

“காத்து எங்கடா இருக்கு? சிங்கம்தான் மேல இருக்காருல்ல, காவல் காக்கட்டும்” என்றார் தண்டல்.

“நானா? எனக்கு என்னய்யா தெரியும்?”

“படகு எங்கயும் ஓடிடாம பாத்துக்கங்க மச்சான்” என்று கண்ணடித்துவிட்டு மைத்துனனும் குதித்தான்.

சிங்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. அப்பாடா என்று கண்ணை மூடிக்கூட அனுபவித்தார். பிறகு வெங்காயம் தட்டிலிருந்து உருண்டு ஓடியது. தலையைத் தூக்கினார். மேலே பாய் புடைத்திருந்தது.

பக்கத்தில் கேட்ட சிரிப்பு இப்போது பின்னால் கேட்டது. பிறகு சிரிப்பே இல்லை. ஆறு தலைகள், மிதக்கும் தேங்காய் மாதிரி, பின்தங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் கடைசியில் மைத்துனன்.

“பாய இறக்கு! கயித்த அவுத்து விடு!” தண்டலின் குரல் கிழிந்தது.

சிங்கம் பாய்ந்தார். இடுப்புக் கயிறு சுண்டி இழுத்து மூஞ்சி பலகையில் மோதியது. கையிலிருந்த கத்தியால் அதை அறுத்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கட்டில்லாமல் நின்றபோது, படகே காலடியிலிருந்து நழுவுவது போலிருந்தது. நடக்க முடியவில்லை. தவழ்ந்து போனார்.

பாய்மரத்தடியில் ஏழெட்டுக் கயிறுகள். எது பாய்க் கயிறு, யாருக்குத் தெரியும்? அவிழ்க்கப் பார்த்தால் முடிச்சு கல் மாதிரி இருந்தது. வீட்டுக்காரியிடம் என்ன சொல்வது? உன் தம்பியைக் கடலில் விட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன் என்றா? கண்ணில் பட்ட கயிற்றையெல்லாம் அறுக்க ஆரம்பித்தார். முதல் கயிறு, காயப்போட்ட சட்டைகளோடு கடலுக்குப் போனது. அடுத்தது எதையும் அசைக்கவில்லை. அதற்கடுத்தது கத்தி பட்டதுமே துப்பாக்கி மாதிரி வெடித்தது.

வானமே இடிந்து விழுந்த சத்தம். பாயும் அதைத் தாங்கிய குறுக்குக் கட்டையும் தடாலென்று இறங்கின. கட்டை அவர் தலையை விட்டுவிட்டது, பாய் விடவில்லை. அடியில் ஒரே இருட்டு, மூச்சு முட்டியது. படகு நின்றதா, அவர்கள் வருகிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பிறகு பலகையில் ஒரு ஈரக் கால். இன்னொன்று.

பாயை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது ஐந்து பேர் மூச்சிரைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

“அது புதுக் கயிறுய்யா…” என்று ஆரம்பித்த தண்டல், சிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“எங்க அவன்?”

மைத்துனன் கயிற்று ஏணியின் கடைசிப் படியில் தொங்கிக்கொண்டிருந்தான். ஏறத் தெம்பில்லை. யாரும் எழுவதற்குள் சிங்கம் ஏணியில் இறங்கினார். ஒரு அலை வந்து முழங்காலை நனைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மச்சான், வலிக்குது. கொஞ்சம் விடுங்க, நானே ஏறிக்கிறேன்.”

“விட மாட்டேன், போடா!”

மேலேயிருந்து மற்றவர்கள் குனிந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சிங்கம் கீழே பார்த்தார். கண்ணுக்கெட்டியவரை கறுப்பாகத் தண்ணீர், அடியே இல்லாத தண்ணீர். விரல்கள் ஏணியை விட்டுப் பிரிய மறுத்தன.

“மாப்ள,” என்றார் மெல்ல, “என்னைய யாருடா ஏத்துறது?”