மனசு விட்டு

இதய ஆபரேஷன் முடிந்து என் கணவரை முதலியார்பேட்டை வீட்டுக்குக் கூட்டி வந்ததிலிருந்து, பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒன்றையேதான் சொன்னார்கள். "மனச மட்டும் விட்டுடாதீங்க." கூடவே ஒரு பை சாத்துக்குடி. கட்டிலை விட்டே இறங்காத மனுஷர் மனசை எங்கே கொண்டுபோய் விடுவார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் விட்டுவிட்டார். காயம் ஆறிவிட்டது, சாப்பாடுதான் இறங்கவில்லை. பேச்சும் இல்லை. சுவரைப் பார்த்தே கிடந்தார். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். "அவர மனசு விட்டுப் பேச வைங்கம்மா." மனசை விட்டால் ஆள் போய்விடுவார், மனசு விட்டுப் பேசினால் பிழைத்துக்கொள்வார். நல்ல தமிழ்தான் என்று சிரிப்புகூட வந்தது. பிறகு வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதேன்.

மறுவாரம் ஒரு மத்தியானம் நான் சமையலறையில் இருந்தபோது, அறைக்குள் அவர் பேசுவது கேட்டது. நடுநடுவே சிரிப்பு வேறு. அப்பாடா, யாருக்கோ போன் பண்ணிவிட்டார் என்று நினைத்தேன். அவர் போன் என் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

எட்டிப் பார்த்தேன். வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். எதையோ கேட்பதுபோல் நிறுத்துவார், தலையாட்டுவார், மறுபடி பேசுவார்.

"யாருகிட்ட பேசினு இருக்கீங்க?"

"நம்ம கூட்டாளிதான். மனசு விட்டுப் பேசி எவ்ளோ நாளாச்சு!"

கூட்டாளி என்றால் அவரோடு மில்லில் வேலை பார்த்தவர். போன வருஷம் இறந்துபோனார். சாவுக்கு நானும்தான் போயிருந்தேன்.

ஆனால் அன்று இவர் கேட்டு வாங்கிச் சோறு தின்றார். அதன்பிறகு தினமும் மத்தியானம் பேச்சு, தினமும் நல்ல பசி. பார்க்க வந்த நாத்தனார், "மொகம் தெளிஞ்சிடுச்சி அண்ணி" என்று அந்த நாற்காலியில் உட்காரப் போனாள். பதறிப்போய் அவளைக் கட்டிலுக்கு இழுத்தேன். டாக்டரிடம் நான் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் பேச்சு சட்டென்று நின்றது. இவர் என்னைக் கூப்பிட்டார்.

"கெளம்பறேன்றான். தனியா போவ மனசு வரலயாம்."

சொல்லிக்கொண்டே காலால் செருப்பைத் துழாவினார். அதுவரை அந்த நாற்காலியை நான் நேராகப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். பயத்தையும் மீறி ஆத்திரம் வந்தது. வாயில் வந்ததோ வேறு.

"போவாதீங்கண்ணா," என்றேன். "இங்கயே இருங்க. உங்களுக்கும் சேத்தே சோறு வடிக்கறேன்."