தபால்பெட்டி மட்டும் நகரத்தில்

சாசேஜைக் கடித்த வாயோடு நின்றிருந்த லாரிக்காரரின் சட்டைக்கையை ஏவால்ட் பிடித்தது பிடித்ததுதான், விடவில்லை. பாவம், அந்த மனிதர் செய்த குற்றமெல்லாம், "அழகான கிராமம்" என்று கறிக்கடைக்காரரிடம் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னதுதான்.

"கிராமமா? எதைப் பாத்து கிராமம்ங்கறீங்க? நகரமய்யா இது, நகரம்! அறுநூறு வருஷமா நகரம்!"

"சரிங்க, நகரம்தான். சாசேஜ் ஆறுது, கைய விடுங்க."

"ஆறட்டும். அங்க பாருங்க, கோட்டை வாசல். கிராமத்துக்கு எங்கயாச்சும் கோட்டை வாசல் இருக்கா?"

ஊரின் பெயர் ஹாசல்புருன். அங்கே கோட்டை வாசல் உண்டு, கோட்டை கிடையாது. வாசலைக் கட்டி முடித்த கையோடு காசு தீர்ந்துவிட்டது. பகைவர்கள் நல்ல பிள்ளைகளாக வாசல் வழியாகத்தான் வருவார்கள் என்ற நம்பிக்கையில் ஊர் அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறது. நகரம் என்ற பட்டம் கிடைத்த கதையும் இதே லட்சணம்தான். வேட்டைக்கு வந்து வழிதவறிய பிரபு ஒருவர் இங்கே ஒரு வாத்துக் கொட்டிலில் ராத்தங்கினார். காலையில் ஊரைவிட்டுப் போனால் போதும் என்ற அவசரத்தில், கேட்டதைக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறினார். ஏவால்ட் சொல்லும்போது அதே கதையில் நூறு எதிரிகள் வருவார்கள், பிரபுவை ஊரே உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும், வாத்துகள் மட்டும் வராது.

பின்னால் ரயில்பாதை போட வந்தவர்களை, புகைக்கு வாத்து முட்டையிடாது என்று சொல்லி ஊர் துரத்தியது. ரயில் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரி போயிற்று, பெரிய பள்ளிக்கூடம் போயிற்று, வேலை தேடும் வயதிலிருந்த பிள்ளைகளும் போனார்கள். ஏவால்டின் வாயில் இது "அமைதியைத் தேர்ந்தெடுத்த நகரம்" என்று ஆகிவிடும். ஊருக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. அதை அவர் மலை என்பார். அதில் ஏறி முடிப்பதற்குள் ஒரு தும்மல் போடலாம், இரண்டாவது தும்மலுக்கு மறுபுறம் இறங்கியிருப்போம்.

அவர் வேலை பார்த்த காலத்தில் கார் ஓட்டப் பழக்குகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றார்கள். மீதிப் பேர் உஷாராக வெளியூரில் கற்றுக்கொண்டார்கள். அவரிடம் போனால், பிரேக் எது என்று தெரிவதற்குள் அவர் சொல்லும் முப்பதாண்டுப் போர்க் கதை முடிந்திருக்கும். "நிறுத்து, நிறுத்து! இந்த முக்குலதான் ஸ்வீடன்காரன் நம்ம சர்ச்சு மணியத் திருடினான்!" என்று அவர் போட்ட கூச்சலில் பதறி வேலியில் மோதியவர்கள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூச்சல் முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது.

நெட்டை உருவம். பச்சைத் தொப்பி. எந்த வெயிலிலும் கழற்றாத ஒரு கோட்டு. அதன் இரண்டு பைகளும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே கூழாங்கற்கள். கல்லின் கனத்தில் பைத்துணி கிழிந்தபடியே இருக்கும். அவர் மனைவி கெர்லிண்டே தைத்தபடியே இருப்பாள்.

கெர்லிண்டே நீடர்வீஸ்காரி. ஓடைக்கு அந்தக் கரைதான் நீடர்வீஸ். அதற்கு வாசலும் கிடையாது, பட்டமும் கிடையாது. அதனால் அது ஏவால்டுக்கு ஊரே கிடையாது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஹாசல்புருன் மக்கள் வாத்தியக் கோஷ்டியோடு ஊர் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். காட்டோரத்து எல்லைக்கல் வந்ததும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, பின்புறம் பட மும்முறை கல்லின் மேல் இடித்து இறக்குவார்கள். அந்த இடி வாங்கினால்தான் அவர்கள் ஊர்க்காரர்கள். கல்யாணமான வருடம் கெர்லிண்டே வாங்கிய இடியைப் பற்றி ஏவால்ட் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறார். சூப்பில் உப்புக் குறைந்தாலும் சரி, கதவு சத்தம் போட்டுச் சாத்தினாலும் சரி, "இன்னும் நாலு இடி சேத்துப் போட்டிருக்கணும். அந்தக் கரைக் குணம் போகல பாரு" என்பார்.

அவள் அவருடைய கோட்டுப் பையைத் தைத்துக்கொண்டிருப்பாள்.

அந்த நடையில் எல்லோருக்கும் முன்னால் போகிறவர் எல்லைத் தலைவர். மார்பில் பச்சைப் பட்டை, கையில் ஹாசல் மரக் கம்பு. ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டி, "கல்லு நிக்குதா?" என்று அவர் கேட்க வேண்டும், "நிக்குது!" என்று ஊர் கத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஊர் எல்லைக்குள் குடியிருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் வேண்டாம். ஆனாலும் ஏவால்டுக்கு அது வாய்க்கவே இல்லை. கல்லுக்கு ஒரு சொற்பொழிவு என்று ஆரம்பித்துவிட்டால் பீர் சூடாகிவிடும் என்ற பயத்தில் ஊர் ஒவ்வொரு முறையும் வேறொருவரைப் பிடித்துப் போட்டது. முன்பொரு தடவை வாய் பேசாத தச்சர் ஒருவரையே தலைவராக்கினார்கள். அவர் கம்பால் தட்டினார், ஊர் கத்தியது, நடை வெகு சீக்கிரம் முடிந்தது. ஏவால்ட் அன்று வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமலே படுத்துக்கொண்டார்.

அந்தப் பட்டைக்காகத்தான் இத்தனை கல்லும். ஓடை இன்று ஓடும் வழியில் அன்று ஓடவில்லை, ஒரு வெள்ளத்தில் தடம் மாறியது, பிரபு கிழித்த எல்லை பழைய தடத்தில்தான் போகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பழைய தடம் போன இடத்திலெல்லாம் புல்வெளியைத் தோண்டினால் கூழாங்கல் வரும். வந்தது. நீடர்வீஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விறகு வெட்டிய வம்புக்காடு, பழைய தடத்தைப் பார்த்தால் ஹாசல்புருன் பக்கம் வருகிறது! ஒரு சாயங்காலம் மதுக்கடை மேசையில் இரண்டு பைக் கற்களையும் அவர் கொட்டியபோது, ஊருக்கே தலைகால் புரியவில்லை. காடு வேண்டும் என்று யாருக்கும் இல்லை. நீடர்வீஸின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான். விழாக்குழுத் தலைவரான கறிக்கடை பெர்ட்டோல்ட் மேசையைக் குத்தினார்.

"இந்தத் தடவை பழைய தடத்துலயே நடக்கறோம், மொத்தமும்! பட்டை ஏவால்டுக்கு. ஆனா ஒண்ணு, யோவ், கல்லுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாது."

"ரெண்டு நிமிஷம்."

"ஒண்ணரை. போ!"

அன்றிலிருந்து ஏவால்டின் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடி முன்னால் நின்று "கல்லு நிக்குதா?" என்று விதவிதமான குரலில் கேட்டுப் பார்த்தார். "நிக்குது, நிக்குது. சாப்பிட வா" என்றாள் கெர்லிண்டே அடுப்படியிலிருந்து.

காட்டைப் பிடித்துக் கொடுத்த ஏவால்ட், தடம் அந்தப் பக்கம் எப்படி வளைகிறது என்று மட்டும்தான் பார்த்தார். இந்தப் பக்கம் எப்படி வளைகிறது என்று பார்க்கும் பழக்கம் அவருக்கு எதிலுமே கிடையாது. பெர்ட்டோல்ட் சோம்பேறி, ஆனால் சொன்ன வேலையைச் செய்பவர். அவர் சிவப்பு நாடா கட்டிய முளைகளைக் கூழாங்கல் வந்த வழியிலெல்லாம் அடித்துக்கொண்டே வந்தார். காட்டிலிருந்து வயல், வயலிலிருந்து ஆப்பிள் தோப்பு, தோப்பிலிருந்து ஓடைத்தெரு. அந்தத் தெருவின் கடைசி வீட்டு முன் தோட்டத்தில், கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே, கெர்லிண்டேயின் பூண்டுப் பாத்தியில் ஒரு முளை இறங்கியது. கேட்டிலிருந்த தபால்பெட்டி ஹாசல்புருனில் நின்றது. வீடு, கோழிக்கூண்டு, ஏவால்டின் கட்டில் எல்லாம் நீடர்வீஸில் நின்றன.

"யோவ், எவன்யா என் தோட்டத்துல கம்ப நட்டது?" என்று ஏவால்ட் வெளியே ஓடிவந்தார்.

"நான்தான். உன் கல்லுதான்யா இங்க வரச் சொல்லுது" என்றார் பெர்ட்டோல்ட் சுத்தியலைத் துடைத்தபடி. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாரா வருந்துகிறாரா என்று தெரியவில்லை.

"இங்க ஏது கல்லு? இது நல்ல கரிசல் மண்ணு."

கெர்லிண்டே வாசற்படியில் நின்று கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மண்ணா? வருஷா வருஷம் பூண்டு போடறப்ப வாளி வாளியா கூழாங்கல்ல அள்ளிக் கொட்டறேன். நீ எங்க திரும்பிப் பாத்த? ஊர்க் கல்லத்தான பொறுக்கப் போவ."

செய்தி ஓடையைத் தாண்டுவதற்கு என்ன நேரமாகும்? மறுநாளே நீடர்வீஸ் ஊராட்சித் தலைவி ரைன்ஹில்ட், ஐந்தாறு பேரையும் ஒரு அக்கார்டியன்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். புதுக்குடித்தனம் வந்தவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைத் துணி போர்த்திய கூடையில் இரண்டும் இருந்தன.

"நீடர்வீஸுக்கு வாங்க வாங்க, ஏவால்டு! எங்க ஊருக்குப் படிச்ச மனுஷர் ஒருத்தர் வந்ததுல ரொம்ப சந்தோஷம். எங்க ஊரு கிராமம்தான். அதுக்காகக் கோவிச்சுக்காதீங்க."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கூடையை வாங்கிக்கொண்டது கெர்லிண்டே. வாங்கினதோடு நில்லாமல் ரொட்டியை ஒரு துண்டு பிய்த்து உப்பைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "நல்லா வெந்திருக்கு. எங்க ஊரு அடுப்புல்ல" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் போட்ட முதல் இடி அதுதான்.

அன்று மாலை மதுக்கடையில் நிற்க இடமில்லை. பச்சைப் பட்டை ஆணியில் தொங்கியது. பெர்ட்டோல்ட் கெட்ட மனிதர் அல்ல; ஏவால்டின் தோளில் கைபோட்டு, ஊர் முழுதும் கேட்கும் ரகசியக் குரலில் பேசினார்.

"இந்தா பாரு. எல்லைக்கு வெளியில இருக்கறவனுக்குப் பட்டை போட முடியாது. ஆனா ஒரே ஒரு வார்த்தை சொல்லு, 'கல்லத் தப்பாப் பாத்துட்டேன்'னு. பழைய தடமும் இல்ல ஒண்ணும் இல்லனு விட்டுடறோம். காடும் போகட்டும், கழுதை. நீயும் ஊருக்குள்ள, பட்டையும் உனக்கு. சொல்லிட்டு வா, பீர் ஊத்தறேன்."

ஏவால்ட் பட்டையைப் பார்த்தார். எத்தனை வருட ஆசை! கை கூட லேசாக அந்த ஆணிப்பக்கம் எழுந்தது. ஆனால் "தப்பு" என்ற சொல் அந்த மனிதரின் வாயில் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தங்கியதில்லை. மற்றவர்களை நோக்கிப் போகும் வழியில் மட்டுமே அது அவர் நாக்கைத் தொட்டிருக்கிறது. இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? மென்றார், விழுங்கினார், கடைசியில் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான் சரியாத்தான் பாத்தேன். தடம் அங்கதான் போகுது. பிரபு கிழிச்ச கோடு கிழிச்ச கோடுதான்."

"அப்ப உன் வீடு?"

"அது... அது வெளியிலதான்."

சொல்லிவிட்டார், மண்டு. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஒரு கணம் அவர்மீது மரியாதை வரப் பார்த்தது. "வரலாறுங்கறது உங்க கறிக்கடைத் தராசு இல்ல, இஷ்டத்துக்கு ஏத்தி இறக்க" என்று அவர் தொடர்ந்து ஆரம்பித்ததில் அந்த மரியாதை வந்த வழியே திரும்பிப் போயிற்று. பட்டையை பெர்ட்டோல்ட் எடுத்துத் தன் தொப்பையின் மேல் போட்டுக்கொண்டார். அவருக்கு அது போதவில்லை. ஊக்குப் போட்டுக் கட்டினார்கள்.

நடை நாளன்று வெயில் நன்றாக அடித்தது. முழவு முன்னால் போக, ஊர் பின்னால் போயிற்று. ஏவால்ட் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் தன் எல்லையைத் தான் இல்லாமல் தப்பும் தவறுமாக நடந்துவிடுவார்களே என்ற கவலை அவருக்கு. வழி நெடுக, "இடது பக்கம், இடது பக்கம்! அங்க கரை!" என்று வரிசைக்கு வெளியிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். வம்புக்காட்டு ஓரத்தில் கல் வந்தது. இந்த முகத்தில் ஹாசல்புருனின் எழுத்து, அந்த முகத்தில் நீடர்வீஸின் எழுத்து.

"கல்லு நிக்குதா?" என்றார் பெர்ட்டோல்ட்.

"நிக்குது!" என்றது ஊர்.

"வெளியூர்க்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?"

ஊர் முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பியது. ஓடிப்போவார் என்று சிலர் பீர் பந்தயம் கட்டியிருந்தார்கள். அவர் ஓடவில்லை. தொப்பியைக் கழற்றி கெர்லிண்டேயிடம் கொடுத்தார். "முதுகுப் பக்கம் பாத்துப் பிடிங்கடா, நட்டு கழண்டு கிடக்குது" என்று மட்டும் சொன்னார். அவரிடம் கார் ஓட்டப் பழகி வேலியில் மோதிய இரண்டு பேர் ஆசையாக முன்னால் வந்து தூக்கினார்கள். கோட்டுப் பைகளிலிருந்து கற்கள் பொலபொலவென்று கொட்டின. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது இடியில் கொஞ்சம் வரலாறும் சேர்ந்து இறங்கியது. அந்தச் சத்தம் கெர்லிண்டேக்குப் பழைய சத்தம். அவள் சிரித்தாள், ஆனாலும் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

முழவு நகர்ந்தது. மர நிழலில் பீரும் சாசேஜும் காத்திருந்தன, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். கல்லின் மேல் ஏவால்ட் மட்டும் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லையா, மனமில்லையா என்று சொல்ல முடியாது. தொப்பியைத் தட்டிக்கொண்டு கெர்லிண்டே கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் இரண்டு கையையும் கல்லில் ஊன்றினார். வலித்த பின்புறத்தை மெல்லத் தூக்கி, ஒரு சாண் நகர்ந்து, ஹாசல்புருன் பக்கமாக உட்கார்ந்தார்.