கிளறன்ஸ் சாகவிடாத பதின்மூன்று குழாய்கள்

கொட்டாஞ்சேனைக் கிளறன்ஸுக்கு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலை. திம்பிரிகஸ்யாயப் பக்கம் இருந்த அந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் காயவைத்தவர். விஞ்ஞானிகள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அங்கே மண் ஆராய்ச்சி செய்தவர் வெள்ளவத்தை அம்னா. பூச்சிமருந்தைத் தின்று சிதைக்கும் பக்டீரியாக்களைத் தோட்டத்து மண்ணில் தேடிப் பிரித்தெடுக்க அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. கிடைத்தவை பதினான்கு வகை. அவற்றை ஆழ்குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டு விடுமுறையில் போனார். வயிற்றில் எட்டு மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அது 2022 மார்ச், எரிபொருள் வாங்க நாட்டிடம் காசில்லாத காலம். நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. பெட்டியிலிருந்து நீர் வடிவதைக் கண்ட கிளறன்ஸ் அம்னாவுக்குப் போன் எடுத்தார்.

“ரெண்டு வருஷ வேல அங்கிள். எல்லாம் முடிஞ்சி,” என்று அம்னா அழுதார்.

“முடியேல்ல மிஸ். புதுக் குழாய்க்கு நான் மாத்துறன். கம்பியச் சூடாக்கித் தொட்டெடுத்துக் கோடு கீறுறது எனக்குத் தெரியும். அகார்தான் இல்ல. உங்கட வீட்ட நோன்புக்குக் கடப்பாசி காச்சுவீங்கதானே?”

அம்னாவின் அழுகை நின்றுவிட்டது. ஆய்வுகூடத்தில் பக்டீரியா வளர்க்கும் அகாரும் நோன்பு திறக்கக் காய்ச்சும் கடப்பாசியும் கடற்பாசியில் எடுக்கும் ஒரே சாமான்தான். அதுவரை அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

மறுநாளே அம்னாவின் உம்மா அலுமாரியில் வைத்திருந்த ஐந்து பைக்கட் கடப்பாசியும் வந்து சேர்ந்தது. கிளறன்ஸின் மனைவி யூஜினா தன் பிரஷர் குக்கரைக் கொடுத்தாள். “இனி இதில இறைச்சி அவிக்கேலாது, தெரியும்தானே?” என்றாள். காஸ் இல்லாததால் கிளறன்ஸ் கட்டடத்தின் பின்புறம் விறகு மூட்டி, குழாய்களைக் குக்கரில் அவித்துக் கிருமி நீக்கினார். பஸ் ஓடாத நாட்களில் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தார். ஆடி மாதம் வரை வாரத்துக்கு இரண்டு தடவை பக்டீரியாக்களைப் புதுக் குழாய்களுக்கு மாற்றினார். செருப்பு இரண்டு சோடி தேய்ந்தது.

கைக்குழந்தையை உம்மாவிடம் விட்டுவிட்டு அம்னா திரும்பி வந்தபோது பதின்மூன்று குழாய்கள் உயிரோடு இருந்தன. ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கிளறன்ஸ் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அம்னா மற்றக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து, கொலன்னாவையில் ஒரு கீரைத் தோட்டத்தில் அந்தப் பக்டீரியாக்களை மண்ணில் கலந்தார்கள். மருந்தடிக்கும் டாங்கிகளைக் கழுவிக் கழுவிப் புல்லும் முளைக்காமல் போன மூலை அது. நாற்பது நாளில் மண்ணிலிருந்த மருந்து பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அளந்து பார்க்க வந்த அதிகாரிகளிடம் அம்னா கிளறன்ஸை முன்னே நிறுத்தினார்.

“நீங்க என்ன படிச்சனீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“ஓ.எல். சோதனையில பெயில் சேர்,” என்றார் கிளறன்ஸ். “ஆனா இதுகள நான் சாகவிடேல்ல.”

சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அவர்கள் பார்க்கும்படி உள்ளங்கையில் விரித்துக் காட்டினார்.