வண்டியின் காதில் விழாமல்

சின்ன கார் ஒன்று வாங்கப் போகிறோம் என்று வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், ஊரில் கார் வைத்திருக்கிற எல்லாரும் எனக்கு ஆலோசகர் ஆகிவிட்டார்கள். கேட்டுக் கேட்டே ஓய்ந்து போனேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருந்தன. பேச்சும் குளறியது. மதுரைக்குப் போய்த் தொடர்ந்து பயிற்சி எடுத்தால் நடை தேறும் என்றார் டாக்டர். பஸ்ஸில் நாலு பேர் அக்குளில் கைகொடுத்து ஏற்றியதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு தடவை போய் வந்ததோடு சரி, இனி வர மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முன்பு எங்களிடம் பழைய கார் ஒன்று இருந்தது. அதன் ஸ்டியரிங்கை அவர் யாரையும் தொட விட்டதில்லை. இப்போது நான் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டேன். நான் ஓட்டுகிற காரில் வருவாரா என்பதுதான் தெரியவில்லை. கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார்.

நாகல் நகரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஜவுளிக்கடைக்காரர் தன் காரை வாசலுக்கே கொண்டுவந்து காட்டினார். என்ன குறை இருக்கிறது என்று கேட்டது நான். பதில் மட்டும் நாற்காலியில் இருந்த என் கணவருக்குப் போயிற்று.

"அண்ணே, பிக்கப் அம்புட்டு அருமையா இருக்கும். மைலேஜப் பத்திக் கவலையே வேணாம்."

"ஓட்டப் போறது நான்தாங்க" என்றேன்.

"அப்படியாம்மா, சந்தோசம்" என்றவர் மறுபடியும் அவர் பக்கமே திரும்பி, "சந்துல திருப்பணும்னா சூப்பர்ணே" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் கணவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற டீச்சரின் காரையும் போய்ப் பார்த்தேன். தரையோடு தரையாக இருந்தது. உட்கார்ந்து எழுந்ததில் என் முட்டியே முனகியது. "உங்களுக்கு எப்படி டீச்சர் இருக்கு?" என்றேன். "ஒரு குறை சொல்ல முடியாது" என்றார், இடுப்பைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டே.

கடைசியாக ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் செய்கிற ஒரு தம்பதியின் காரைப் பார்க்கப் போனேன். பூ மூட்டை ஏற்றி ஏற்றி உள்ளே மல்லிகை வாசம் ஊறிப் போயிருந்தது. கதவு அகலமாகத் திறந்தது, சீட்டும் நல்ல உயரம். விவசாயி பானெட்டைத் தட்டித் தட்டிப் புகழ்ந்துகொண்டிருந்தார். அவர் மனைவி, "வாங்க டீச்சர், தண்ணி குடிப்போம்" என்று என் கையைப் பிடித்து மோட்டார் ரூமுக்கு இழுத்துப் போனார். அங்கே போனதும் குரலைத் தணித்தார்.

"ஏசியப் போட்டா ஏத்தத்துல இழுக்காது. சிறுமலைக்குப் போனா அமத்திட்டுத்தான் போவோம். பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடும். ஆனா முன் சீட்டு நல்ல சீட்டு. எங்க மாமனாரு கால் ஆபரேசன் பண்ணவரு, யாரும் புடிக்காம அவரே ஏறி இறங்கிருவாரு."

"இத அங்கனயே சொல்லியிருக்கலாமே?"

"வண்டிகிட்ட நின்னுக்கிட்டா? நம்மள சுமக்குறத நாமளே குறை சொன்னா அதுக்கு மனசு விட்டுப் போகாதா? அப்புறம் நடுரோட்டுல நின்னுக்கிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரிடமும் காரின் பக்கத்தில் நின்றுகொண்டே குறை கேட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் இதை என் கணவரிடம் சொன்னேன். கோணிய வாயோடு சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அந்த விவசாயி வீட்டுக் கார் மாதிரியே ஒன்று வாங்கினோம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மறுநாள் மதுரைக்குக் கிளம்பும்போது, அவருக்காக முன் சீட்டின் கதவை அகலத் திறந்து வைத்தேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார். பானெட்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போய் நின்றார். தடியைக் காரில் சாய்த்துவிட்டு இடது கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இம்புட்டு அலைந்ததும் இதற்குத்தானா? உங்களால் முடியாது என்று நானே என் வாயால் சொல்ல வேண்டுமா? திறந்து வைத்த கதவைப் பிடித்தபடி நின்றேன்.

செத்த நேரம் கழித்துக் கைப்பிடியை விட்டார். தடியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார், வா என்று. வலது காலை இழுத்து இழுத்துக் கேட் வரைக்கும் நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே நின்று, கார் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"இனி... என்னால... ஓட்ட முடியாது" என்றார். "நீ ஓட்டு."

திரும்பி நடந்து வந்து, திறந்திருந்த கதவு வழியாக அவரே ஏறி உட்கார்ந்தார். நான் பெல்ட்டைப் போட்டுவிடுவதற்காகக் காத்திருந்தார்.